அங்குலத்துக்கு ஹங்கேரியச் சொல் எது?

வணக்கம் நண்பரே. அமெரிக்கச் சமையல் குறிப்பையும் அலமாரி செய்முறையையும் ஹங்கேரிய மொழிக்கு மாற்றும்போது, 'இன்ச்' என்பதற்கு அகராதியில் 'ஹூவெய்க்', 'ட்சொல்' என்று இரண்டு சொற்கள் இருப்பதாகக் குழம்பியிருக்கிறீர்கள்.

இரண்டும் சரியே. ஹூவெய்க் கட்டைவிரலிலிருந்து வந்தது. ஏட்டு நடைக்குப் பொருந்தும். ட்சொல் ஜெர்மானியக் கடன், பட்டறைச் சொல். தச்சர் கையிலிருக்கும் மடக்கு அளவுகோலுக்கே 'ட்சொல்ஷ்டொக்' என்றுதான் பெயர். குழாய், டிவி திரை என்றாலும் ட்சொல்தான். அலமாரிக்கு அதையே எழுதி, பக்கத்தில் மில்லிமீட்டரையும் போடுங்கள் (ஓர் அங்குலம் 25.4).

அடிக்கு 'லாப்'. நம் 'அடி' போலவே அதற்கும் பாதம் என்று பொருள். எண்ணுக்குப் பின் பன்மை வராது. நாம் 'ஐந்து அடிகள் உயரம்' என்றா சொல்கிறோம்? அதேபோல் 'ஒத் லாப்' என்று நிறுத்திவிடுங்கள்.

சமையல் குறிப்பில் அவுன்ஸை 'உன்ட்சியா' என்று பெயர்த்தால் சொல் சரி, சமைப்பவர்தான் திண்டாடுவார். அங்கே 1876 முதல் மெட்ரிக் முறை. கடையில் 'டெக்கா' கணக்கில், அதாவது பத்துப் பத்து கிராமாகக் கேட்டு வாங்குவார்கள். 8 அவுன்ஸ் வெண்ணெயை 23 டெக்கா என்றே எழுதிவிடலாம். ஆனால் 8 அவுன்ஸ் பால் எடையளவு அல்ல, கொள்ளளவு; அதற்கு 2.4 டெசிலிட்டர். நானும் ஒருமுறை இதில் சறுக்கியவன்தான்.

மைல் எங்காவது வந்தால் வெறும் 'மேர்ஃபொல்ட்' போதாது. பழைய ஹங்கேரிய மைல் எட்டு கிலோமீட்டருக்கும் மேல். 'ஆங்கொல் மேர்ஃபொல்ட்', அதாவது ஆங்கில மைல் என்று தெளிவாக எழுதுங்கள்.