கிளஸ்டர் ரேண்டமைஸ்டு ட்ரையல் என்றால் என்ன? ஆட்களை விட்டுவிட்டு ஏன் ஊர் ஊராகப் பிரிக்கிறார்கள்?

ஒரு திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க, யாருக்கு அது கிடைக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்தச் சீட்டில் தனி ஆளின் பெயருக்குப் பதில் ஒரு முழு ஊர், பள்ளி அல்லது மருத்துவமனையின் பெயர் இருந்தால் அதுதான் கிளஸ்டர் ட்ரையல்.

ஏன் இப்படி? மருந்து தோய்த்த கொசுவலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொசுவையே கொல்வதால் வலை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும், அப்புறம் ஒரே தெருவில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்து ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாமல் போகலாம். சுகாதாரப் பிரசாரமும் அப்படித்தான், கேட்டவர் கேட்காதவரிடம் சொல்லிவிடுவார்.

சரி, இதில் சிக்கல் எங்கே? ஒரே ஊர்க்காரர்கள் தண்ணீர், காற்று, மருத்துவர் என்று பலவற்றைப் பகிர்வதால் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரே வீட்டில் பத்துப் பேரிடம் நேற்று மழை பெய்ததா என்று கேட்டால் பத்துப் பதில் வரும், ஆனால் தகவல் ஒன்றுதான். இந்த ஒற்றுமையை 0 (ஒற்றுமையே இல்லை) முதல் 1 (எல்லோரும் ஒரே மாதிரி) வரை ஓர் எண்ணாக அளப்பார்கள். அது வெறும் 0.05 என்றே வைத்துக்கொள்வோம், ஊருக்கு 50 பேர் வீதம் 20 ஊர்களில் 1,000 பேரைச் சேர்த்தால் கணக்கு 1 + (49 × 0.05) = 3.45 (49 என்பது 50-இல் ஒன்று குறைவு). 1,000-ஐ இந்த 3.45-ஆல் வகுக்க வேண்டும், அதாவது அந்த 1,000 பேரும், தனித்தனியாகக் குலுக்கிப் பிரித்த சுமார் 290 பேருக்குத்தான் சமம்! என்னைக் கேட்டால், வடிவமைக்கும்போது முதலில் போட வேண்டிய கணக்கே இதுதான்.

ஊருக்கு இன்னும் நூறு பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இதே 20 ஊர்களில் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது 400 பேருக்கு மேல் ஈடாகாது, கூட்ட வேண்டியது ஊர்களின் எண்ணிக்கையை.