மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் நல்லது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே தென்னை விவசாயம் செய்கிறேன். பிள்ளைகள் வீட்டில் 40 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கிறார்கள். வாரந்தோறும் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, தொட்டியைக் கழுவி, போர்வெல் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நிரப்புகிறோம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஓரிரு நாளில் சாகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு தண்ணீருமே பயன்படும், வந்த கையோடு ஊற்றுவதுதான் தவறு. காற்றுப் படாமல் பாறையிடுக்கில் கிடந்த போர்வெல் நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கும். குழாய் நீரிலோ, குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். நமக்குத் தீங்கு செய்யாத அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். ஆகவே எந்த நீரானாலும் வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, ஏரேட்டர் (காற்றுக் குமிழி விடும் கருவி) ஓடவிட்டு, 24 மணி நேரம் வைத்திருந்து ஊற்றுங்கள். செம்பு, பித்தளை அண்டாக்கள் கூடவே கூடாது. கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து குளோரினை மட்டுமே முறிக்கும். போர்வெல் நீருக்கு ஆக்சிஜன் ஊட்டாது. மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் இட்ட கிணற்று நீரை வாடை முழுவதும் போகும்வரை எடுக்க வேண்டாம்.

இவற்றைவிட என்னை வருத்துவது, தொட்டியை வாரந்தோறும் முழுவதுமாகக் கழுவும் வழக்கம்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய நஞ்சு; அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டி வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும்தான் குடியிருக்கின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நீங்களோ ஏழாம் நாளே கழுவிவிடுகிறீர்கள். இனி வாரம் 10 லிட்டர் மட்டும் எடுத்து, அதே அளவு, மேலே சொன்னபடி 24 மணி நேரம் ஆறவைத்த நீரை, தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்கும்படி பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை அலசுங்கள். அந்த நீர் தென்னைக்கு நல்ல உரம்.

பாத்திரத்தில் வெண்படிவு விடும் கடின நீராக இருந்தால் அஞ்ச வேண்டாம், தங்கமீன் அதைத் தாங்கும். உப்பெல்லாம் நீங்கிய ஆர்ஓ நீரை மட்டும் தனியாக நிரப்பாதீர்கள்.

எஞ்சிய மீன்களுக்கு முதல் ஒரு மாதம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். அதற்குள் மீன்கள் மீண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தால், வாரம் முடியக் காத்திராமல் அன்றே 10 லிட்டர் மாற்றுங்கள்; அதற்காக ஆறவைத்த நீர் ஒரு தொட்டி எப்போதும் தயாராக இருக்கட்டும்.