பென்சில் நிற்கும் இடத்தில் பிறக்கும் கேள்வி: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் உண்டாக்குவதில் ஓவியத்துக்கு என்ன பங்கு என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பான். அறிவியல் புத்தகத்தை எடுத்தால் மட்டும் முகம் சுருங்கிவிடுகிறது. ஓவியத்தைக் காட்டி அவனை அறிவியலுக்குள் அழைத்து வரலாமா? அது கசப்பு மருந்தில் தேன் தடவிக் கொடுப்பதாகிவிடாதா? (ஒரு தாய்)

பதில்: ஓவியத்தை அறிவியலுக்கு அலங்காரமாக மட்டும் வைத்தால் நீங்கள் அஞ்சுவதுதான் நடக்கும். பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அச்சடித்த பட்டாம்பூச்சிப் படம் ஒன்றைக் கொடுத்து "வண்ணம் தீட்டு" என்று சொல்வது அந்த வகையைச் சேர்ந்தது. அந்தப் படத்தில் குழந்தை புதிதாகப் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது. கோட்டைத் தாண்டாமல் இருப்பது ஒன்றே அதற்கு வேலை. உயிருள்ள ஒன்றை எதிரில் வைத்துப் பார்த்து வரையும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். முதலில் ஓர் எறும்பை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் மூன்று வட்டங்களை வரிசையாகப் போட்டு, எல்லா வட்டங்களிலிருந்தும் கால்களை இழுத்துவிடுவார்கள். கால்கள் நான்காகவும் இருக்கும், எட்டாகவும் இருக்கும். அதில் எதையும் திருத்த வேண்டாம். பிறகு ஓர் எறும்பைக் கண்ணாடிக் குவளைக்குள் விட்டு, ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்து, இப்போது பார்த்து வரையச் சொல்லுங்கள். முதல் காலை வரையப் போகும்போது பென்சில் தயங்கி நிற்கும். அந்தக் கால் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அவன் இதுவரை கவனித்ததே இல்லை. ஆறு கால்களும் நடுப்பகுதியிலிருந்தே வருகின்றன, பெரிதாகத் தெரியும் பின்பகுதியில் ஒன்றுகூட இல்லை, இடுப்பு நூல் போல மெலிந்திருக்கிறது, உணர்கொம்பு முழங்கை மடிவதைப் போல நடுவில் மடிகிறது என்று ஒவ்வொன்றாக அவன் கண்ணில் படும். "எல்லாக் காலும் ஏன் ஒரே இடத்தில் இருக்கிறது?" என்று அவனே கேட்டுவிட்டால், அறிவியல் தொடங்கிவிட்டது என்று பொருள். பூச்சிகளின் மார்புப் பகுதி இயக்கத்துக்கான தசைகள் நிறைந்தது, இறக்கையுள்ள எறும்புக்கு இறக்கைகளும் அங்கேதான் முளைக்கின்றன, வண்டும் பட்டாம்பூச்சியும் இதே அமைப்பை உடையவை என்றெல்லாம் அதன் பிறகு நீங்கள் சொல்வது அவன் கேள்விக்குப் பதிலாக அமையும். கேட்காதவனுக்குச் சொல்லப்பட்ட பாடமாக இருக்காது.

வரையும் பயிற்சி கண்ணை எவ்வளவு தூரம் கூர்மையாக்கும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1609ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித, வானியல் அறிஞர் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் இடையே கரடுமுரடான ஒரு கோடு, சில கறைகள், அவ்வளவே அதில் இருந்தன. சில மாதங்களுக்குப் பின் அதே நிலவைப் பார்த்த கலிலியோ, ஒளி நிழல் தீட்டும் ஓவியக் கலையில் பழகியவர். அந்தக் கறைகளை அவர் மலைகளின் நிழலாகப் புரிந்துகொண்டு, நிழலின் நீளத்தைக் கொண்டு மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டார். மூளையின் நரம்புச் செல்களை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு பெற்ற சாந்தியாகோ ரமோன் இ காஹால் சிறுவயதில் ஓவியராக விரும்பியவர். மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். நுண்ணோக்கியில் கண்ட செல்களை அவர் தம் கையால் வரைந்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. உங்கள் மகனின் பென்சில் அவனை அறிவியலிலிருந்து விலக்கி வைக்கிறது என்று எண்ண வேண்டாம். அறிவியலுக்கு வேண்டிய முதல் கருவி அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் நாற்பது குழந்தைகள். ஒரு பாடவேளைக்கு மேல் ஒதுக்க முடியாது. நுண்ணோக்கி முதலிய கருவிகளும் இல்லை. என்ன செய்யலாம்? (ஓர் ஆசிரியை)

பதில்: இலை போதும். ஒவ்வொரு குழந்தையும் கீழே உதிர்ந்த இலை ஒன்றைக் கொண்டுவரட்டும். பத்து நிமிடத்தில் அதை அழிப்பானில்லாமல் வரையச் சொல்லுங்கள். அழிப்பான் கையில் இருந்தால் குழந்தையின் கவனம் இலையைவிட்டுத் தாளுக்குப் போய்விடும். வரைந்து முடித்ததும் இலைகளையெல்லாம் மேசையில் ஒன்றாகக் குவித்துக் கலைத்துவிட்டு, ஒருவர் படத்தை இன்னொருவர் கையில் கொடுத்து, "இந்தப் படத்துக்குரிய இலையை எடுத்து வா" என்று அனுப்புங்கள். ஒரே மரத்து இலைகள் பல இருந்தால் இன்னும் நல்லது. கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வரும் குழந்தை, படத்தில் என்ன குறைகிறது என்று தானே சொல்லும்: ஓரம் பல் பல்லாக இருந்ததா, காம்பருகே இரண்டு பக்கமும் சமமாக இருந்ததா, பூச்சி அரித்த துளை எந்தப் பக்கம் இருந்தது. மதிப்பெண் போட்டுச் சொல்ல முடியாத பாடத்தை இந்தத் தோல்வி சொல்லிவிடுகிறது. அழகாக வரைந்த படம் இலையைக் காட்டிக்கொடுக்கத் தவறுவதும், கோணல்மாணலான படம் சரியான இலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் வகுப்பில் நடக்கும். அப்போது குழந்தைகளின் முகங்களைக் கவனியுங்கள். ஆகவே அழகுக்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம்.

நேரம் மிஞ்சினால், இலையின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, மெழுகு வண்ணக்கோலைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்புகள் அடிப்பக்கத்தில்தான் புடைத்திருக்கும். தாளில் அவை ஒவ்வொன்றாக எழுந்துவரும். தேய்த்த தாள்களைத் தரையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால், வலைபோல் பிரிந்து சேரும் நரம்புகள் ஒரு பக்கமும், புல்லிலும் மூங்கிலிலும் உள்ளதுபோல் இணையாக ஓடும் நரம்புகள் ஒரு பக்கமும் தாமாகவே பிரிந்து நிற்கும். நீரும் உணவும் செல்லும் குழாய்கள் அவை என்பதையும், வலைபோன்ற அமைப்பில் ஒரு கிளை அறுபட்டாலும் நீர் சுற்றுவழியில் போய்ச் சேரும் என்பதையும் அப்போது சொல்லுங்கள். வலைப்பின்னல் நரம்பமைப்பு, இணைப்போக்கு நரம்பமைப்பு என்ற பெயர்கள் கடைசியில் வரட்டும். பெயரை முதலில் கொடுத்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்ற எண்ணம் குழந்தைக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: ஆறு வயது மகள் யானைக்கு நீல நிறமும் பட்டாம்பூச்சிக்குச் சிரித்த முகமும் வரைகிறாள். திருத்த வேண்டுமா? (ஒரு தந்தை)

பதில்: வேண்டாம். கற்பனைப் படத்துக்கு ஒரு நோட்டும், பார்த்து வரைவதற்கு இன்னொரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள், "இது நினைத்து வரைந்ததா, பார்த்து வரைந்ததா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது அவளுக்கு விரைவில் பிடிபட்டுவிடும். நீல யானைக்கு எந்தக் குறையும் இல்லை. அதைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னால்தான் சிக்கல்.

அவள் இன்னும் சற்று வளர்ந்ததும் ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் வரைந்த காண்டாமிருகத்தைக் காட்டுங்கள். 1515இல் இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. டியூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை. விவரித்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தையும் யாரோ வரைந்த ஒரு கோட்டோவியத்தையும் கொண்டு மரச்செதுக்கு ஓவியமாக ஆக்கினார். உடம்பெங்கும் போர்க் கவசம் போன்ற தகடுகள், கால்களில் செதில்கள், போதாக்குறைக்குத் தோளுக்கு மேல் சிறிய கொம்பு ஒன்று. ஒப்பற்ற கலைஞரின் கை என்பதால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் படத்தைப் பார்த்தே மற்றவர்களும் வரைந்தார்கள். உண்மையான காண்டாமிருகத்தின் புகைப்படத்தை அருகில் வைத்து, எது கண்ணால் கண்டது, எது காதால் கேட்டது என்று மகளையே பிரிக்கச் சொல்லுங்கள். இந்தியக் காண்டாமிருகத்தின் தோலில் தகடு போன்ற மடிப்புகள் உண்மையிலேயே உண்டு என்பதால், இந்தத் தேடல் எளிதில் முடிந்துவிடாது.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்தால் ஒரு நொடியில் எல்லாம் பதிந்துவிடுகிறதே, வரைந்து நேரத்தைச் செலவிடுவானேன்? (ஒரு வாசகர்)

பதில்: எல்லாம் பதிந்துவிடுகிறது என்பதுதான் காரணம். கேமரா எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்ற முடிவை வரைபவர் ஒவ்வொரு கோட்டிலும் எடுத்தாக வேண்டும். தாவரவியலில் புதிய இனங்களை விவரிக்கும்போது இன்றும் கோட்டோவியங்கள் வரையப்படுகின்றன. பூ, காய், விதை, வெட்டுத் தோற்றம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அதனால் காட்ட முடிகிறது. முதலில் வரையட்டும், பிறகு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடட்டும். வரிசை மட்டும் மாறக் கூடாது.

கேள்வி: என் மகள் கேட்கும் பலவற்றுக்கு எனக்கே விடை தெரிவதில்லை. பட்டாம்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் ஏன் பொடி ஒட்டுகிறது, அந்தப் பொடிதான் அதன் நிறமா என்று கேட்டாள். இணையத்தில் தேடிச் சொல்வது சரியா? (ஒரு தாய்)

பதில்: தேடிச் சொல்வதில் தவறில்லை, ஆனால் சற்றுத் தாமதமாகச் சொல்லுங்கள். கேள்வியை அவள் வரைந்த படத்தின் ஓரத்திலேயே தேதியுடன் எழுதச் சொல்லிவிட்டு, "இதைத் தெரிந்துகொள்ள நாம் என்ன செய்து பார்க்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் கேட்டதற்கு விடை இது. இறக்கையின் மேல் மிக நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியபடி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன; விரலில் ஒட்டுவது அந்தச் செதில்களே. நிறமும் அவற்றில்தான் இருக்கிறது. சில நிறங்கள் செதிலில் உள்ள நிறமியால் உண்டாகின்றன. பளபளக்கும் நீல நிறங்கள் பலவற்றுக்கு நீல நிறமியே கிடையாது. செதிலின் நுண்ணிய அமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே நீலமாகத் தெரிகிறது. இதைச் சோதிக்கப் பட்டாம்பூச்சியைத் துன்புறுத்த வேண்டியதில்லை, உதிர்ந்த மயிலிறகு ஒன்று போதும். அதன் நிறமும் இவ்வாறே அமைப்பினால் உண்டாவது. முதலில் வெளிச்சம் இறகின் மேல் படும்படி வைத்து அதன் கண்ணை வண்ணத்தில் தீட்டச் சொல்லுங்கள். பிறகு இறகைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி வரும்படி வைத்து மறுபடி தீட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நீலமும் பச்சையும் மங்கிப் பழுப்பே மேலோங்கும். நீல வண்ணக்கோலை எடுத்த கை அதைக் கீழே வைத்துவிட்டுப் பழுப்பை எடுக்கும்போது, "நீலம் எங்கே போயிற்று?" என்று அவள் கேட்காமல் இருக்க மாட்டாள்.

விடை தெரியாத நிலையில் நீண்ட நாள் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பழக்கம்தான். பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஜெர்மானிய ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1660இல், தம் பதின்மூன்றாம் வயதில், பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகத் தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. முட்டை, கம்பளிப்புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, புழு தின்னும் செடி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் சேர்த்து வரைந்ததால், எது எதுவாக மாறுகிறது, எதைத் தின்று வாழ்கிறது என்பது பார்த்தவுடனே விளங்கியது. 1699இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினார்; அங்கே கண்டவற்றை 1705இல் அறுபது ஓவியங்களுடன் நூலாக வெளியிட்டார். அவர் படங்களை எண்ணும்போது எனக்கு வியப்பூட்டுவது வண்ணங்களைவிடவும், ஒரு புழு இறக்கை முளைத்து வெளிவரும்வரை அவர் காத்திருந்த பொறுமைதான்.

கேள்வி: பதினொரு வயது மகன் "எனக்கு வரைய வராது" என்று நோட்டை மூடிவிடுகிறான். அவனுக்கு இந்த வழியெல்லாம் பயன்படுமா? (ஒரு தந்தை)

பதில்: அந்த வயதில் தன் படத்தை மற்றவர் படத்தோடு ஒப்பிடும் வழக்கம் வலுத்துவிடுகிறது, வற்புறுத்தாதீர்கள். கலையில் உருவம் வரைவது மட்டும் இல்லை, ஒழுங்கைக் கண்டுபிடிப்பதும் அதில் அடங்கும். சூரியகாந்திப் பூவின் நடுவிலுள்ள விதைகள் வலமாகவும் இடமாகவும் சுழல்வரிசைகளாக அமைந்திருக்கும். ஒரு பெரிய படத்தை அச்செடுத்து, ஒரு பக்கம் சுழல்வதைச் சிவப்பாலும் மறுபக்கம் சுழல்வதைப் பச்சையாலும் கோடிட்டு எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 34, 55 அல்லது 55, 89 என்று வரும். பைன் மரக் காயில் 8, 13 என்று வருவதுண்டு. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் தொடரைச் சேர்ந்தவை இவை.

ஏன் இந்த எண்கள் வருகின்றன என்பதை அவனே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புதிய புள்ளியையும் முந்தைய புள்ளியிலிருந்து 137.5 பாகை திருப்பி, மையத்திலிருந்து சிறிது சிறிதாகத் தள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். வளரும் பூவில் புதிய விதைகள் ஏறத்தாழ இந்தக் கோணத்தில்தான் தோன்றுகின்றன. கோணமானி, அளவுகோல், பொறுமை ஆகிய மூன்றும் போதும். ஐம்பது, அறுபது புள்ளிகளைத் தாண்டும்போது யாரும் வரையாத சுழல்கள் தாளில் தெரியத் தொடங்கும். அடுத்து 120 பாகை வைத்துச் செய்தால், மூன்று கோடுகளில் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்க, இடைப்பட்ட இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். 90, 144 என்று மற்ற கோணங்களையும் அவன் வைத்துப் பார்த்து, தாள் எதில் இடைவெளி குறைந்து நிரம்புகிறது என்று உங்களுக்கு வந்து சொல்லட்டும்.