அத்னானா, கஹ்தானா? அரபுக் குலங்கள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

அரபுகளின் பூர்வீகம், குலப்பெருமை, வம்சாவளி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மார்க்கத் தீர்ப்பு கேட்டவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசப்போவது வரலாறு மட்டும்.

கேள்வி: அரபுகள் எல்லோரும் இஸ்மாயீல் நபியின் வழித்தோன்றல்கள் என்றுதான் சிறு வயதில் மதரஸாவில் சொல்லித் தந்தார்கள். துபாயில் என்னோடு வேலை பார்க்கும் யமன்காரரோ, "நாங்கள்தான் அசல் அரபுகள், மற்றவர்கள் பிறகு அரபுகளாக ஆனவர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்களும் அவரும் ஒரே பழைய ஏட்டிலிருந்துதான் பேசுகிறீர்கள். இடைக்கால அரபு வம்சாவளி நூல்கள் அரபுகளை மூன்றாகப் பிரிக்கின்றன. ஆது, சமூது, தஸ்ம், ஜதீஸ் ஆகியோர் அழிந்துபோன அரபுகள். தெற்கே கஹ்தானின் மக்கள் ஆதி அரபுகள். வடக்கே அத்னானின் மக்கள், அதாவது இஸ்மாயீல் நபியின் வழியினர், அரபுகளோடு கலந்து அரபுகளாக ஆனவர்கள். நபிகள் நாயகம் பிறந்த குறைஷிக் குலம் இந்த மூன்றாவது பிரிவில் வருகிறது.

நாயகத்தின் முன்னோர் பட்டியல் அத்னான் வரைக்கும் ஏறக்குறைய எல்லா நூல்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அத்னானுக்கும் இஸ்மாயீல் நபிக்கும் நடுவே எத்தனை தலைமுறை என்பதில்தான் நூலுக்கு ஒரு கணக்கு. அத்னானோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று பழைய அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். இன்று இணையத்தில் ஆதம் நபி வரைக்கும் வரைபடம் போட்டு விற்பவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

கேள்வி: அரபு என்ற பெயருக்கு மிகப் பழைய சான்று எது?

அசீரிய அரசன் மூன்றாம் சால்மனேசரின் கல்வெட்டு. கி.மு. 853இல் சிரியாவின் கர்கரில் தன்னை எதிர்த்து நின்ற கூட்டணியை அவன் பட்டியலிடுகிறான். அதில் ஒருவன் ஆயிரம் ஒட்டகங்களோடு வந்த ஜிந்திபு என்ற அரபியன். அவன் எந்தக் குலம், யார் மகன் என்ற விவரம் ஒன்றும் இல்லை. ஒட்டகக் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த சான்று ஒன்று உண்டு. தெற்குச் சிரியாவிலும் வடகிழக்கு ஜோர்தானிலும் பரந்து கிடக்கும் கருங்கல் பாலைவனத்தில், மேய்ச்சல்காரர்கள் பாறைகளில் கீறிவைத்த எழுத்துகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சஃபாயிட்டிக் எழுத்துகள் என்கிறார்கள். பெரும்பாலானவை கிறிஸ்து பிறப்பை ஒட்டிய சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது பொதுக்கருத்து. "இன்னார், இன்னார் மகன், அவர் இன்னார் மகன்" என்று தொடங்கும் வரி சில பாறைகளில் பத்துத் தலைமுறையையும் தாண்டிப் போகிறது. அடுத்து, இன்ன குலத்தான் என்ற குறிப்பு. அதன் பிறகு ஒட்டகம் மேய்த்தேன், மழைக்குக் காத்திருந்தேன், இறந்துபோன சகோதரனை நினைத்து வருந்தினேன் என்று ஒரு வரி. மொழி, அரபின் பழைய வடிவம்.

இவ்வளவு முன்னோரை நினைவில் வைத்திருந்த இந்த மனிதர்களிடம் அத்னான், கஹ்தான் என்ற இரு பெரும் கிளைகளைப் பற்றிய பேச்சே இல்லை. குலம் இருந்தது. எல்லாக் குலங்களையும் ஒரே வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மரம் அப்போது இல்லை.

கேள்வி: அப்படியானால் யமன் மக்கள்தான் மூத்த அரபுகள் என்பது கட்டுக்கதையா?

கல்வெட்டுகளைக் கேட்டால் நிலைமை வேடிக்கையாக இருக்கிறது. பழைய யமனை ஆண்ட சபா, ஹிம்யர் அரசுகள் கல்லில் வெட்டிவைத்த மொழி அரபு அல்ல. உறவுள்ள இன்னொரு செமித்திய மொழி, அதற்கென்று தனி எழுத்து. 5ஆம் நூற்றாண்டில் ஹிம்யர் அரசன் அபீகரிப் அஸ்அத் தன் பட்டங்களை நீட்டி முழக்குகிறான்: சபா, தூ ரைதான், ஹத்ரமௌத், யம்னத் ஆகியவற்றின் அரசன், மலைநாட்டிலும் கரையோரத்திலும் உள்ள 'அவர்களுடைய அரபுகளுக்கும்' அரசன். அரபுகள் அங்கே குடிமக்களில் ஒரு தனி வகையினர். அரசன் தன்னை அவர்களில் ஒருவனாக எண்ணவே இல்லை. பின்னாளில் அதே ஹிம்யர் அரசர்களை ஆதி அரபுகள் என்று ஏடுகள் கொண்டாடின. கஹ்தானின் மகன் யஃருப்தான் முதன்முதலில் அரபு பேசியவன் என்ற கதையும் சேர்ந்துகொண்டது.

கஹ்தான் என்ற பெயர் வானத்திலிருந்து குதித்ததல்ல. இன்றைய சவூதியின் தெற்கே உள்ள கர்யத் அல்-ஃபாவ் பகுதியை ஆண்ட ஒருவனைத் தென்னரபுக் கல்வெட்டு ஒன்று 'கிந்தா, கஹ்தான் குலங்களின் அரசன்' என்று குறிக்கிறது. அதாவது கஹ்தான் அங்கே ஒரு குலத்தின் பெயர். அதைத் தென்னாட்டார் அனைவருக்கும் பொதுவான ஒரு தாத்தாவாக உயர்த்தியது பிற்காலம்.

இன்னொன்றையும் பாருங்கள். யமன், ஓமான் எல்லையில் வாழும் மஹ்ரா குலத்தார் இன்றும் மஹ்ரி பேசுகிறார்கள். அரபு மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் பேச்சு விளங்காது. ஆனால் வம்சாவளி ஏட்டில் அவர்கள் ஆதி அரபுகள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: சரி, அந்த மரத்தை நட்டது யார்? எதற்காக?

நட்டவர் ஒருவர் அல்லர். காரணத்தைக் கேட்டால் முதலில் சம்பளம், பிறகு சண்டை என்பேன்.

கலீஃபா உமர் காலத்தில் போர்வருமானத்தைப் பகிர திவான் என்ற பதிவேடு வந்தது. நாயகத்தோடு உள்ள உறவு நெருக்கம், இஸ்லாத்தில் சேர்ந்த முன்னுரிமை ஆகியவற்றைப் பார்த்து ஆண்டு உதவித்தொகை. யார் எந்தக் குலம் என்று தெரிந்தால்தானே எழுத முடியும்? வம்சாவளி தெரிந்த அகீல், ஜுபைர் இப்னு முத்இம், மக்ரமா இப்னு நவ்ஃபல் மூவரையும் அந்த வேலையில் உட்கார வைத்ததாக வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. கூஃபா, பஸ்ரா போன்ற புதிய படைநகரங்களில் வீதியும் படைப்பிரிவும் குலவாரியாகவே அமைந்தன. சிறு குலங்களைச் சேர்த்து ஒரு பிரிவாக்க வேண்டுமென்றால் அவர்களுக்குப் பொதுவாக ஒரு மூதாதை இருந்தால் சௌகரியம்.

பிறகு வந்தது கட்சிச் சண்டை. 684இல் டமாஸ்கஸ் அருகே மர்ஜ் ராஹித்தில் கலீஃபா பதவிக்காக நடந்த போரில், மர்வானுக்குப் பின்னால் கல்ப் குலம் நின்றது, எதிரே கைஸ் குலங்கள். அன்று தொடங்கிய கைஸ் (வடகட்சி), யமன் (தென்கட்சி) என்ற பிளவு, மர்வான் சேர்ந்த உமையா குடும்பத்தின் ஆட்சியை உள்ளிருந்தே அரித்துவிட்டது. இதில் கல்ப் உள்ளிட்ட குதாஆ கூட்டத்தின் கதைதான் உச்சம். குதாஆ, அத்னான் வழியில் வந்த மஅத்தின் மகன் என்று ஒரு கட்சி. இல்லை, ஹிம்யரின் வாரிசு, எனவே தென்னாட்டான் என்று மறு கட்சி. இரண்டு தரப்பிலும் கவிதை பாடினார்கள், கேலி செய்தார்கள், சாட்சி கொண்டுவந்தார்கள். கடைசியில் தென்கட்சி பெரும்பாலும் வென்றது. அரசியல் கூட்டணி மாறியதும் பாட்டனாரும் மாறிவிட்டார். இந்த வாதங்களெல்லாம் ஓய்ந்தபின், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பீ எல்லாக் குலங்களையும் ஒரே பெரிய அமைப்பில் அடுக்கி எழுதினார். அவரே கல்ப் குலத்தவர்.

பெயர்கள் உருவாக்கிய பகைக்கு ஆயுள் கெட்டி. 1711இல் லெபனான் மலையில் அய்ன் தாராவில் துரூஸ் என்ற மதப்பிரிவு மக்கள் இரு பிரிவாக நின்று வெட்டிக்கொண்டதும் கைஸ், யமன் என்ற பெயரில்தான். அதில் எவரும் யமனைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அரபுகளின் வம்சாவளி முழுவதும் பொய் என்று ஆகிறது. மேற்கத்திய ஆய்வாளர்களின் பேச்சைத் திருப்பிச் சொல்கிறீர்கள்.

பொய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நான்கைந்து தலைமுறை அளவில் குடும்ப நினைவு வலுவானது. ரத்த ஈட்டுத் தொகை யார் கட்டுவது, எந்தக் கிணறு யாருக்கு என்பதெல்லாம் அந்த அளவில்தான் தீர்ந்தது. அதில் ஏமாற்றுவது எளிதல்ல. மேலே போகப் போகத்தான் அரசியல் நுழைகிறது. உடன்படிக்கை செய்துகொண்ட குலம், அடைக்கலம் புகுந்தவன், விடுதலை பெற்ற அடிமை, இஸ்லாத்தைத் தழுவிய பாரசீகன் எல்லோரும் ஒரு குலத்தோடு ஒட்டிக்கொண்டு சில தலைமுறையில் அதன் பிள்ளைகளாகவே எழுதப்பட்டார்கள். தந்தை யார் என்று தெரியாததால் 'தன் தந்தையின் மகன் ஸியாத்' என்றே ஊர் அழைத்த ஆளுநரைக் கலீஃபா முஆவியா 665இல் தன் தந்தை அபூ சுஃப்யானின் மகன் என்று அறிவித்துத் தம்பியாக்கிக்கொண்டது ஊரறிந்த செய்தி.

இது மேற்கத்தியப் பேச்சும் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், வம்சாவளி என்பது பெரிதும் எண்ணத்தில் நிற்பது, அது உண்டாக்கும் ஒற்றுமையே அதன் பயன் என்று எழுதினார். அவருடைய குடும்பம் ஹத்ரமௌத் வழி என்று பெருமை கொண்டாடியது. தனக்கும் ஸ்பெயினில் குடியேறிய மூதாதைக்கும் இடையே பத்துப் பெயர்கள்தான் பட்டியலில் இருக்கின்றன, நூற்றாண்டுக்கு மூன்று தலைமுறை என்று பார்த்தால் இருபது வேண்டும், நடுவில் சிலர் விடுபட்டிருக்கிறார்கள் என்று தன் வரலாற்றிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சொந்தப் பாட்டனாரையே இப்படித் தணிக்கை செய்த மனிதரை யார் குற்றம் சொல்வது?

மேற்கத்தியர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. அரபு என்ற இன உணர்வே இஸ்லாத்துக்குப் பிறகு உருவானது என்கிறார் வரலாற்று ஆய்வாளர் பீட்டர் வெப். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 328இல் இறந்த இம்ருல் கைஸ் என்ற மன்னரின் கல்லறைக் கல், சிரியாவின் நமாராவில் கிடைத்தது, இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் 'அரபுகள் அனைவரின் அரசர்'. அந்த வரியை வாசிப்பதிலும் வாதம் உண்டு என்றாலும், பெயருக்குப் பின்னால் ஏதோ ஒரு கூட்டு உணர்வு இல்லாமல் அப்படி ஒரு பட்டம் பிறந்திருக்காது.

கேள்வி: டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தீர்ந்துபோகுமே?

வளைகுடாவில் பலர் அப்படித்தான் நம்பிப் பணம் கட்டுகிறார்கள். ஜே1 என்ற ஆண்வழிக் குறியீடு வந்தால் கொண்டாட்டம், வேறு வந்தால் வீட்டில் மௌனம். ஜே1 அரபுத் தீபகற்பத்தில் மிக அதிகம் என்பது உண்மை. அதே ஜே1இன் வேறு கிளைகள் காக்கசஸில் தாகெஸ்தான் மலைவாசிகளிடமும் நிறைய உண்டு. அரபுகளிடம் பரவலாக உள்ள கிளை யூதர்களிடமும் இருக்கிறது. அதன் வயது, எந்தக் குலப் பெயரையும்விடப் பல ஆயிரம் ஆண்டுகள் கூடுதல். மேலும் இந்தச் சோதனை தந்தைக்குத் தந்தை என்று ஒரே கோட்டில் போவது. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அதில் ஒருவரைப் பற்றி மட்டும்தான் அது பேசும்.

கேள்வி: எகிப்தியர், சூடானியர், மொரோக்கோக்காரர் எல்லாம் உண்மையில் அரபுகளா?

எந்த அளவுகோல் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அரபு தேசியத்தின் தந்தைகளில் ஒருவரான சாத்தி அல்-ஹுஸ்ரி, மொழியே தேசம் என்றார். அந்தக் கணக்கில் மூவரும் அரபுகள். குடிப்பெயர்ச்சிக் கணக்கில், 11ஆம் நூற்றாண்டில் பனூ ஹிலால் குலங்கள் வட ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது பெரிய நிகழ்வு. ஆனாலும் அங்குள்ள அரபு பேசுவோரில் மிகப் பலர் மொழி மாறிய அமாசிக் (பெர்பர்) மக்களே. சூடானின் ஜஅலியீன் மக்கள் நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸின் வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் பலருடைய முன்னோர் நூபிய மொழி பேசியவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. டார்ஃபூர் போன்ற இடங்களில் 'நான் அரபு, நீ அரபல்ல' என்ற இந்தக் கோடு உயிர்களையே பலி வாங்கியிருக்கிறது. அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு விவாதமாக நினைக்க முடியவில்லை.

கேள்வி: நான் அக்கரைப்பற்று. இலங்கைச் சோனகர் அரபு வம்சமா, தமிழரா என்ற சண்டையையும் கொஞ்சம் தொடுங்களேன்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் ஒரு கட்டுரை வாசித்தார்: சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று. அவர் அப்போது சட்டசபையில் தமிழர் பிரதிநிதி. சோனகருக்குத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம். மறு ஆண்டே அந்த இடம் கிடைத்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவாக மறுப்பு எழுதி, அரபு மூதாதையரை முன்னிறுத்தினார். இரு பக்கமும் ஆவணத்தைவிட ஆசனத்தின் மேல் அதிகக் கண்.

அரபு வணிகர் வந்ததும், இங்கே பெண் எடுத்ததும் ஐயமில்லாத செய்தி. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாருங்கள்: கிழக்கு மாகாண முஸ்லிம்களிடம் 'குடி' என்ற குலப்பிரிவு தாய்வழியாக இறங்குகிறது, மட்டக்களப்புத் தமிழரிடம் போலவே. அரபு நசபு, அதாவது வம்சாவளி, தந்தை வழி. ஒரே வீட்டில் தாய்வழிக் குடியும் தந்தைவழி அரபுப் பெருமையும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை வெட்டி எறிய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சவூதி அரச குடும்பம் எந்தக் குலம்?

மக்கள் பேச்சில் வெகுகாலம் அனஸா. இப்போது பனூ ஹனீஃபா என்ற கருத்துக்கே முதலிடம். அவர்கள் மூதாதை மானிஅ 1446இல் குடியேறிய திர்இய்யா, ஹனீஃபா ஓடைக் கரையில்தான் இருக்கிறது. இரண்டும் அத்னான் வழியில் வந்த ரபீஆ என்ற பெருங்குலத்தின் கிளைகள், எனவே எப்படிப் பார்த்தாலும் அத்னான். பாலைவனத்து நாடோடிக் குலத்தோடு சேர்வதைவிட, ஊரில் நிலைத்து ஆண்ட குலத்தோடு சேர்வது ஓர் அரசுக்கு ஏற்றதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

பெண் கேட்டுப் போய்ப் பாருங்கள். சவூதியில் குலப் பெயர் உள்ளவர், குலமற்றவர் என்ற பிரிவு இன்றும் கல்யாணத்தில் கண் விழிக்கிறது. 'அல்-அரப்' இதழை நடத்திய வரலாற்றறிஞர் ஹமத் அல்-ஜாசிருக்கு, 2000இல் மறையும் வரை, தன் குடும்பம் எந்தக் குலம் என்று கேட்டு வாசகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பட்டணத்துக்கு வந்து பட்டம் வாங்கி உத்தியோகம் பார்ப்பவர்கள்தான் இதில் அதிக ஆர்வம் காட்டினார்கள். குலத்தோடு பாலைவனத்தில் வாழ்ந்தவனுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

2005இல் சவூதி நீதிமன்றம் ஒன்று, கணவன் தன் குலத்தைப் பற்றிப் பொய் சொன்னான் என்று மனைவியின் சகோதரர்கள் தொடுத்த வழக்கில், பிள்ளைகள் பெற்று வாழ்ந்துகொண்டிருந்த தம்பதியின் திருமணத்தை ரத்து செய்தது. மனைவி பிறந்த வீட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். 2010இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, இருவரையும் மறுபடி சேர்த்துவைத்தது.