போலீஸ் ஸ்கேனர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: போனில் ஸ்கேனர் செயலி வைத்து எங்கள் பகுதி போலீஸ் பேச்சைக் கேட்கிறேன். 'டென்-ஃபிஃப்டி பி.ஐ.' என்று அடிக்கடி வருகிறது. இணையத்தில் எடுத்த போலீஸ் எண்குறியீட்டுப் பட்டியலில் 10-50 என்றால் ரகளை, இரைச்சல் என்று போட்டிருக்கிறது. ஆனால் அது வரும்போதெல்லாம் ஆம்புலன்ஸும் கிளம்புகிறதே?
– வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: உங்கள் காதில் தவறில்லை. பட்டியல்தான் வேறு ஊருடையது. 10-50-ஐ ரகளைக்கு வைத்திருப்பது நியூயார்க் நகரப் போலீஸ். வட கரோலினாவில் அது வாகன விபத்து. பின்னால் வரும் பி.ஐ. என்றால் ஆளுக்குக் காயம், பி.டி. என்றால் பொருட்சேதம் மட்டும். பி.ஐ. வந்ததும் ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்காவில் போலீஸ், ஷெரிஃப் துறைகள் சுமார் 18,000 இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான பட்டியல் என்று ஒன்று கிடையாது. 10-4 (சரி, புரிந்தது), 10-20 (இருக்கும் இடம்) போன்ற சில மட்டும் பெரும்பாலான இடங்களில் ஒன்றாக இருக்கும். மற்றவற்றை நம்பிவிடக் கூடாது. நியூயார்க்கில் 10-13 என்றால் ஒரு போலீஸ்காரர் ஆபத்தில் இருக்கிறார், அருகில் இருப்பவர்கள் எல்லாம் ஓடி வர வேண்டும். பழைய பொதுப் பட்டியலைப் பின்பற்றும் ஊர்களில் அதே 10-13 வானிலை, சாலை நிலவரம்.

அதனால் பொதுப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் உங்கள் மாநிலத்தையும் கவுண்டியையும் (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்ந்தெடுத்து, எந்தத் துறை எந்த டாக்குரூப்பில் பேசுகிறது என்று முதலில் பாருங்கள். டாக்குரூப் என்பது கணினி இயக்கும் ஒரே ரேடியோ அமைப்பைப் பலர் பங்கிட்டுப் பேசும்போது ஒவ்வொரு குழுவுக்கும் தரப்படும் எண். அந்த ஊருக்கான குறியீடுகளும் பல சமயம் அங்கேயே கிடைக்கும். பிறகு ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கேட்ட குறியீடு, சொன்னவர் யார், அடுத்து என்ன நடந்தது. ஒரே குறியீட்டுக்குப் பின்னால் மூன்று முறை இழுவை வண்டி கேட்கிறார்கள் என்றால் பொருள் தானாகவே தெரிந்துவிடும். இப்படிச் சேர்த்த பட்டியல்தான் உங்கள் கவுண்டிக்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று. 2005-ல் கத்ரீனா புயலின்போது பல துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் திண்டாடின. அதன்பின், பல துறைகள் சேர்ந்து இறங்கும் சம்பவங்களில் சாதாரண ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கூட்டாட்சி அரசு 2006-ல் மானியத்தோடு சேர்த்து விதித்தது. ஒரு துறை தனக்குள் அன்றாடம் பேசுவதற்கு அந்த நிபந்தனை இல்லை. அதனால் தீ விபத்து நடக்கும்போது எளிதாகப் புரிகிற பேச்சு, மறுநாள் வழக்கமான ரோந்தில் மீண்டும் எண்களாக மாறிவிடும்.

கேள்வி: எண்ணுக்கு முன்னால் எதற்காக 'டென்'?
– வாசகர், மதுரை

பதில்: அன்றைய இயந்திரத்தின் குறையால். 1930-களில் காரில் இருந்த ஒலிபரப்பி, மோட்டாரோடு இணைந்த ஜெனரேட்டரில் ஓடியது. பொத்தானை அழுத்தியதும் அது முழு வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அதற்குள் பேசிய முதல் அசை காற்றோடு போய்விடும். இல்லினாய் மாநிலப் போலீஸின் தகவல்தொடர்புப் பொறுப்பாளர் சார்ல்ஸ் ஹாப்பர் 1937-ல், பொருள் இல்லாத 'டென்' என்ற சொல்லை முன்னால் வைத்தார். அந்த அசை போனாலும் எண் தப்பிவிடும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை, ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது.

டிஜிட்டல் ரேடியோவிலும் இதற்கு நெருங்கிய தொல்லை உண்டு. பொத்தானை அழுத்தியதும் அமைப்பு ஒரு சானலை ஒதுக்க வேண்டும். அனுமதி ஒலி வருமுன் பேசிவிட்டால் முதல் சொல் துண்டாகிவிடும். ஸ்கேனரிலும் வாக்கியங்கள் பாதியில் தொடங்குவதுபோல் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: எல்லாம் மின்னல் வேகத்தில் போகிறது. ஒரு அழைப்பைக்கூட முழுதாகப் பிடிக்க முடியவில்லை. காதைப் பழக்க என்ன வழி?
– வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: சொற்களைத் துரத்தாமல் வரிசையைப் பிடியுங்கள். எந்த ஊரிலும் ஓர் அழைப்பு ஏறக்குறைய இதே படிகளில்தான் போகும்: யாரைக் கூப்பிடுகிறார்கள், என்ன சம்பவம், எங்கே, யாரைத் தேட வேண்டும், எவ்வளவு அவசரம், பிறகு முடிவு. அடுத்து வர வேண்டியது என்ன என்று தெரிந்தால், அரைகுறையாகக் கேட்டதும் புரியும்.

உங்கள் ஊர் முறையிலேயே ஒன்றைப் பார்ப்போம். 'சிக்ஸ் ஆடம் ஃபிஃப்டீன், ஃபோர்-ஃபிஃப்டி-நைன், சஸ்பெக்ட் தேர் நவ்', பிறகு முகவரி, அங்க அடையாளம், கடைசியில் 'கோட் த்ரீ' என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 என்பது ஹாலிவுட் பிரிவு. ஆடம் என்பது 'ஏ' எழுத்து, அதாவது இரண்டு அதிகாரிகள் உள்ள ரோந்து கார். லிங்கன் என்று வந்தால் ஒருவர் மட்டும். 15 அந்தக் காரின் பகுதி எண். 459 என்பது கலிஃபோர்னியா தண்டனைச் சட்டப் பிரிவு: திருடும் நோக்கத்தோடு கட்டடத்துக்குள் நுழைவது. ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான். கோட் 3 என்றால் விளக்கும் சைரனுமாகப் போ. கோட் 2 என்றால் அவசரம், ஆனால் சைரன் இல்லை.

கார் போய்ச் சேர்ந்ததும் 'கோட் சிக்ஸ்' என்பார்கள்: இறங்கி விசாரிக்கிறோம். அதற்குப் பின் வரும் 'கோட் ஃபோர்'-இல்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதன் பொருள் 'கூடுதல் ஆள் வேண்டாம்' என்பது மட்டும். ஆள் பிடிபட்டான் என்று அது சொல்வதில்லை. 'கோட் ஃபோர் ஆடம்' என்று வந்தால் உதவி போதும், ஆனால் சந்தேக நபர் இன்னும் வெளியில் இருக்கிறான். அந்த ஒரு 'ஆடம்' காதில் விழாவிட்டால், ஆள் வெளியில் இருப்பது தெரியாமலே போய்விடும்.

கலிஃபோர்னியாவில் எண்கள் பெரும்பாலும் சட்டப் பிரிவுகளே என்பது உங்களுக்கு நல்ல வசதி. 187 கொலை, 211 கொள்ளை, 415 அமைதிக் குலைவு, 245 ஆயுதத்தால் தாக்குதல். வாகனத் திருட்டுக்கு வரும் 10851 வாகனச் சட்டத்திலிருந்து; மனநலக் காரணத்துக்காக 72 மணி நேரம் வரை காவலில் வைக்கும் 5150 நலச் சட்டத்திலிருந்து. குடித்துவிட்டு ஓட்டுவது இப்போது 23152-ஆம் பிரிவு. ஆனால் ரேடியோவில் பழைய பிரிவான 502-தான் இன்னும் புழங்குகிறது. சட்டப் புத்தகத்தில் 502-ஐத் தேடினால் வேறு எதுவோ கிடைத்துக் குழம்புவீர்கள்.

எழுத்துக்கூட்டலில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி எதிர்பார்க்காதீர்கள். அது ராணுவம், விமானம், ஹாம் (பொழுதுபோக்கு) ரேடியோவின் முறை. உங்கள் ஊர் போலீஸ் ஆடம், பாய், சார்ல்ஸ், டேவிட், எட்வர்ட் என்று போகும். முதல் வாரத்தில் இந்த 26 சொற்களை மட்டும் பழகிக்கொண்டால் வண்டி எண்கள் வசப்படும். அடுத்ததாக சுருக்கங்கள்: ஆர்.பி. புகார் சொன்னவர், ஆர்.ஓ. வண்டியின் பதிவு உரிமையாளர், ஜி.ஓ.ஏ. போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை, யூ.டி.எல். கண்டுபிடிக்க முடியவில்லை, போலோ கண்ணில் பட்டால் கவனி.

கேட்கும்போது ஒரே ஒரு டிஸ்பாட்ச் சானலை (கட்டுப்பாட்டு அறை ரோந்து கார்களோடு பேசும் சானல்) 'ஹோல்ட்' போட்டு வையுங்கள். பத்து சானலை ஒன்றாக ஸ்கேன் செய்தால் கேள்வி ஓர் இடத்திலும் பதில் இன்னோர் இடத்திலும் சிதறிவிடும். ஸ்கேன் செய்தே ஆக வேண்டுமென்றால் 'டிலே' அமைப்பை 2 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். பதில் வருமுன் கருவி அடுத்த சானலுக்குத் தாவாது. வெள்ளி இரவில் பழகத் தொடங்காதீர்கள், காது களைத்துவிடும். வார நாளின் காலை வேளை நல்லது.

கேள்வி: ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ கருவி) வாங்கி எஸ்.டி.ஆர்.டிரங்க் மென்பொருளில் கேட்கிறேன். சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் உடைந்து உடைந்து வருகிறது. பெரிய ஆன்டெனா மாட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது.
– வாசகர், டாலஸ்

பதில்: சிக்னல் வலுவாக இருந்தும் குரல் உடைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. அவை உங்களிடம் மிகச் சிறிய நேர வித்தியாசத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பெரிய ஆன்டெனா தூரத்துக் கோபுரங்களையும் சேர்த்து இழுத்ததால்தான் நிலைமை மோசமானது.

மென்பொருளில் அந்தச் சானலின் மாடுலேஷன் என்ற அமைப்பை சி4எஃப்.எம்.-இலிருந்து சைமல்காஸ்ட் என்பதற்கு மாற்றுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் டாங்கிளின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) படிப்படியாகக் குறையுங்கள். பிறகு சிறிய ஆன்டெனாவை மாட்டி, வீட்டில் ஒரே ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கும் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்துங்கள். அரை மீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கடைசி வழி, ஒரு கோபுரத்தை நோக்கித் திருப்பிய யாகி ஆன்டெனா. தனி ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால் யூனிடன் எஸ்.டி.எஸ்.100, எஸ்.டி.எஸ்.200 இரண்டும் இந்தச் சிக்கலை மனதில் வைத்தே செய்யப்பட்டவை, விலை அதிகம்.

வேறு அறிகுறிகளையும் பாருங்கள். உரையாடல்கள் சில மொத்தமாகக் காணாமல் போனால், டாங்கிளின் அலைவரிசை அகலம் போதவில்லை: ஒன்று ஏறக்குறைய 2.4 மெகாஹெர்ட்ஸைத்தான் ஒரே நேரத்தில் பார்க்கும். 800 மெகாஹெர்ட்ஸ் அமைப்பின் சானல்கள் அதைவிடப் பரந்து கிடந்தால் இரண்டு, மூன்று டாங்கிள் வேண்டும். முதல் பத்து நிமிடம் சரியாக ஓடிப் பிறகு கெட்டால், டாங்கிள் சூடாகி அலைவரிசை நகர்கிறது. வெப்பத்துக்கு நகராத டி.சி.எக்ஸ்.ஓ. வைத்ததை வாங்குங்கள்.

கேள்வி: நியூயார்க் போலீஸின் பல சானல்கள் அமைதியாகிவிட்டன. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், குயின்ஸ்

பதில்: முடியாது. நியூயார்க் போலீஸ் 2023-இல் புரூக்ளினில் என்கிரிப்ஷனுக்கு (பேச்சைக் குறியாக்கிப் பூட்டும் முறை) மாறத் தொடங்கியது. சாவி இல்லாமல் எந்த ஸ்கேனரும் அதைத் திறக்காது. திறக்கும் என்று சொல்லி விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சானல்கள் பல ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஊரில் என்ன நடக்கிறது என்று அவற்றிலிருந்தும் நிறைய தெரியும். இந்தப் பூட்டு செய்தியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரு பெரிய இழப்பு என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: 'ஷாட்ஸ் ஃபயர்ட்' என்று எங்கள் தெருப் பெயரோடு வந்தது. உடனே தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் போடலாமா?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: போடாதீர்கள். அதைச் சொன்னவர் யார் என்று முதலில் பாருங்கள். டிஸ்பாட்சர் சொன்னால், யாரோ போன் செய்து அப்படிச் சொன்னார் என்பது மட்டுமே பொருள். பட்டாசுச் சத்தமாகவும் இருக்கலாம். சம்பவ இடத்திலிருக்கும் அதிகாரியே சொன்னால் அது வேறு. செயலியில் கேட்பது தாமதமாகவும் வருகிறது. சில விநாடிகளும் ஆகலாம், சில நிமிடங்களும் ஆகலாம்.

2013 ஏப்ரல் 19 அதிகாலை, பாஸ்டன் குண்டுவெடிப்பு சந்தேக நபர்களைத் தேடும்போது, ரேடியோவில் ஓர் அதிகாரி ஒரு குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். 'எம் ஆஸ் இன் மைக்' என்றார். கேட்டவர்கள் 'மைக்' என்பதை முதற்பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரைக் குண்டு வைத்தவன் பெயர் என்று பரப்பினார்கள். அதோடு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் பெயரும் ஸ்கேனரில் வந்ததாகப் பரவியது. இருவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த மாணவரின் குடும்பம் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயர், வீட்டு எண், போலீஸ் நிற்கும் இடம் மூன்றையும் ஒருபோதும் எழுதாதீர்கள். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஜன்னலை விட்டு விலகி இருங்கள்; சத்தம் உங்கள் காதிலும் நேரடியாக விழுந்திருந்தால் 911-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கேனரைக் காரில் வைத்துக்கொண்டு போகலாமா? இந்தியாவுக்கு வரும்போது எடுத்து வரலாமா?
– வாசகர், ஃப்ளோரிடா

பதில்: அமெரிக்காவில் திறந்த போலீஸ் சானலை வீட்டில் கேட்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. காரில் வைப்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடா, நியூயார்க், இந்தியானா, கென்டக்கி, மினசோட்டா மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. கேட்டதைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் தனி வழக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே 1933 சட்டக் காலத்திலிருந்து குற்றமாகக் கருதப்பட்டு வந்தது, எடுத்து வராதீர்கள். பிரிட்டனில் உள்ள உறவினருக்கும் வாங்கி அனுப்ப வேண்டாம்: அங்கே போலீஸ் பேச்சைக் கேட்பதே சட்டவிரோதம், போலீஸ் ரேடியோவும் பூட்டப்பட்டது.

ஃப்ளோரிடா, நியூயார்க் உட்பட சில மாநிலங்களில் ஹாம் ரேடியோ உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது. முதல் நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் போதும். உரிமக் கட்டணம் 35 டாலர். தேர்வு நடத்துபவர்கள் சிறு தொகை தனியாக வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவரும் எழுதலாம். உரிமத்தின் நகலைக் காரிலேயே வையுங்கள்.