அம்மாவுக்கு எந்தக் குளுக்கோமீட்டர் வாங்குவது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. சென்ற மாதம் முதல் காலை, மாலை இருவேளையும் இன்சுலின் போடுகிறோம். வீட்டிலேயே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியதால், உறவினர் ஒருவரின் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தோம். ஒரே நாள் காலையில், வெறும் வயிற்றில், கும்பகோணத்து ஆய்வகத்தில் 148 என்றும் கருவியில் 163 என்றும் வந்தது. இக்கருவிகளை நம்பலாமா? எதை வாங்குவது?
- வாசகர், வலங்கைமான் அருகே

மருத்துவர் பதில்: இந்த 15 மி.கி. வித்தியாசத்தைக் கருவியின் பழுதாகக் கொள்ள வேண்டாம். ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரவிதியின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, நூற்றில் 95 முடிவுகளாவது ஆய்வக அளவுக்கு 15 சதவீதம் கூடுதல் குறைவுக்குள் அமைய வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள் அமைய வேண்டும். அதன்படி தங்கள் தாயாரின் 148-க்கு, கருவி 126 முதல் 170 வரை எதைக் காட்டியிருந்தாலும் ஏற்கத்தக்கதே. வாங்கப்போகும் கருவியின் பெட்டியிலோ உள்ளே இருக்கும் துண்டறிக்கையிலோ இந்தத் தரவிதியின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தோடு ஒப்பிடுவதை எப்போதும் வெறும் வயிற்றிலேயே செய்யுங்கள்; சாப்பிட்ட பின் விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை, கையின் ரத்தக்குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். பலரும் கருவியின் விலையைப் பார்க்கிறார்கள். நான் ஸ்ட்ரிப்பின், அதாவது ரத்தத்துளியை வைத்துக் கருவியில் செருகும் சோதனைப் பட்டையின், விலையைப் பார்க்கச் சொல்வேன். கருவிக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், ஸ்ட்ரிப்புக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு இரண்டு வீதம் மாதம் 1,200 ரூபாய் ஆகிறது. ஒரு கருவியின் ஸ்ட்ரிப் வேறொரு கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே, வாங்குமுன் வலங்கைமானிலோ கும்பகோணத்திலோ நீங்கள் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் அந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பில் இருக்குமா என்று கேளுங்கள். ஸ்ட்ரிப் கிடைக்காமல் அலமாரியில் கிடக்கும் விலையுயர்ந்த கருவிகளை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் காட்சி.

தங்கள் தாயாரின் வயதுக்கு, எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். திரையில் வெளிச்சமும் இருந்தால் நல்லது. இன்சுலின் போடுபவருக்கு இரவு 2 மணிக்கு வியர்வையும் படபடப்பும் வந்தால், மின்சாரம் இல்லாத நேரத்திலும் அளவைப் படிக்க முடிய வேண்டும் அல்லவா? 70-க்குக் கீழே காட்டினால், விழுங்கும் நிலையில் இருக்கும்வரை மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அவருக்கு ரத்தசோகை உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பணுக்கள் குறைந்திருந்தால் பல கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் தாழ்சர்க்கரை கண்ணில் படாமல் போகக்கூடும். எந்த அளவு ரத்தசோகை வரை கருவி சரியாகக் காட்டும் என்பது ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற சொல்லின்கீழ் துண்டறிக்கையில் இருக்கும். அதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்ல கருவியையும் கெடுப்பது நம் ஊர் ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடுகளில், ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் பட்டையில் பூசியிருக்கும் நொதி ஈரம் பட்டுக் கெட்டுவிடும். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவின்மேல் எழுதுங்கள், ஏனெனில் திறந்தபின் சில மாதங்களே பயன்படுத்தலாம் என்று பல நிறுவனங்கள் வரையறுத்துள்ளன. திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஸ்ட்ரிப் அங்கே கூடாது, அடுப்பருகிலும் கூடாது, நிழலான அலமாரியே அதற்கு ஏற்ற இடம்.

திருவையாற்றுப் பக்கம் வாழைப்பழ வியாபாரம் செய்யும் அம்மையார் ஒருவர், 318 என்று காட்டிவிட்டதே எனப் பதறி என்னிடம் வந்தார். அவருடைய விரலைத் தொட்டுப் பார்த்தேன். பழம் உரித்த பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுவிரலில் குத்தியபோது 172 வந்தது. முதல் எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. கைகழுவியபின் ஈரம் போகத் துடைப்பதும் முக்கியம்; ஈரம் ரத்தத்துளியோடு கலந்தால் அளவு குறைத்துக் காட்டலாம். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும்.

உறவினரின் கருவியை இரவல் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். விரல் குத்தும் பேனாவையும் ஊசியையும் இருவர் பயன்படுத்தினால், ஊசியை மாற்றினாலும்கூட, மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம். தாயாருக்கென்று தனியாக ஒன்றை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். எந்தெந்த வேளையில் பார்ப்பது என்பதை இன்சுலினை எழுதித் தந்த மருத்துவரிடமே கேட்டு, அளவையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவரைக் கேட்காமல், ஒரேயொரு எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்ற வேண்டாம்.