பழைய கம்ப்யூட்டருக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் போடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன் சார். 2013இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 மூன்றாம் தலைமுறை, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் வேலை தொடங்க ஐந்தாறு நிமிடம் ஆகிறது. இரண்டு வாரமாக உள்ளே டிக் டிக் என்று சத்தம் வேறு. கங்கையம்மன் சிரசு திருவிழா வேலைகள் வருவதற்குள் 1 டிபி டிஸ்க் மாற்றிவிடலாமா?

பதில்: வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். உள்ளே சுழலும் தட்டைப் படிக்க முடியாமல் ஹெட் திரும்பத் திரும்ப முயலும்போது வரும் சத்தம் அது. அந்த டிஸ்க் எந்த நேரமும் நின்றுபோகலாம். டிஸ்க்கைச் சீர்செய்யும் டிஃபிராக், செக் டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள். பழையதை அப்படியே புதியதற்கு குளோன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைத்தால் நோயாளி பாதியிலேயே விழுந்துவிடும். இன்றைக்கே வெளி டிஸ்க் ஒன்றில் வேலை ஃபைல்களை மட்டும் எடுத்துவிடுங்கள், திரும்பச் செய்ய முடியாதவை முதலில்.

உங்கள் தொழிலில் பலர் மறப்பது ஒன்று உண்டு: எழுத்துருக்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகையை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், மாப்பிள்ளை பெயர்கூட ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பத்து வருட மேட்டர் வீணாகிவிடும்.

சரி, எதை வாங்குவது? 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டால் இடம் கூடும், காத்திருப்பு அவ்வளவாகக் குறையாது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கிலும் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செகண்ட் ஆகும். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அது 0.1 மில்லி செகண்ட்தான். விண்டோஸ் ஏறும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கிறது. அதனால் 500 ஜிபி அளவில் 2.5 இஞ்ச் சாட்டா (இப்போதைய ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் இணைவது) எஸ்எஸ்டி வாங்குங்கள். போர்டில் நேராகச் செருகும் எம்.2 வகை வேண்டாம், இந்தத் தலைமுறை போர்டில் அதற்கு இடம் இருக்காது. எச்61இல் சாட்டா 2தான் உண்டு, நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. எஸ்எஸ்டி போட்டு என்ன பயன் என்று யாராவது கேட்டால் கலங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது தேடும் நேரம் குறைவது, அது முழுசாகவே கிடைக்கும்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றும் முன் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) சாட்டா மோடு ஏஎச்சிஐ (AHCI) என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம் போட்டால் கோரல், ஃபோட்டோஷாப் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம். விண்டோஸ் 11ஐ இந்த ப்ராசசர் முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும், அதாவது பாதுகாப்பு அப்டேட்களும், 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே பேங்க் வேலைகளை இதில் செய்யாதீர்கள்.

கேபினெட்டைத் திறந்ததும் ஃபேன் தூசியைத் துடைத்துவிடுங்கள், நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அது அவசியம். பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள், சேமிப்புக்கென்று உள்ளே விடாதீர்கள். எஸ்எஸ்டி போகும்போது டிக் டிக் சத்தம்கூடத் தராது. அதனால் அந்த வெளி டிஸ்க்கில் வாரம் ஒரு முறை, கடை பூட்டும் முன் ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.